நிரந்தரப் பாதிக்கப்பட்டவர்

"உங்கப்பா ஒத்திகையில செத்தாரா, நிஜத்துல செத்தாரா?"

நகராட்சிப் பாதுகாப்பு அதிகாரி என்னிடம் இப்படித்தான் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பேருந்து எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிப்பதுபோலக் கேட்டுவிட்டு, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் மேசையில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. அதன்மேல் ஒரு மூடி இருந்தது. தூசி விழுந்து ஆபத்து எதுவும் வந்துவிடக் கூடாது என்பதில் அவர் எப்போதும் கவனமாக இருப்பார்.

என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். எட்டாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் அதனால்தான். டீச்சர் என் பெயரைக் கேட்டால்கூட எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஒருநாள் அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தபோது அப்பா, "விடு கண்ணு. மெத்தை கேள்வி கேக்காது" என்று சொல்லிப் பக்கத்தில் உட்காரவைத்துப் பஞ்சைப் பிரிக்கச் சொன்னார். அதிலிருந்து நான் பஞ்சு பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா மெத்தை தைப்பவர். மெத்தைக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். நகராட்சியில் மட்டும் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அங்கே அவர் பாதிக்கப்பட்டவர்.

அது எப்படி வந்தது என்றால், எங்கள் ஊரில் ஒருமுறை ஒரு துணிக்கடை நிஜமாகவே தீப்பிடித்தது. கடையின் பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பாதுகாப்பான கட்டடம் என்று நகராட்சி கொடுத்த சான்றிதழைக் கண்ணாடி போட்டு முன்வாசலில் மாட்டியிருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியே வரவில்லை. தீயணைப்பு வண்டி வருவதற்குள் தீ தன் வேலையை முடித்துக்கொண்டு தானாகவே அணைந்துவிட்டது.

நகராட்சி கூடி ஆலோசித்தது. செங்கல் அடைத்த சுவரில் 'அவசர வழி' என்று பெரிதாக ஒரு பலகை மாட்டினார்கள். பிறகு, தீ முன்னறிவிப்பில்லாமல் வந்ததுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இனி வருடத்துக்கு ஒரு நாள், முன்கூட்டியே அறிவித்து, பந்தல் போட்டு, முக்கியமானவர்களை அழைத்து ஆபத்தை நாமே நடத்திவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குப் பாதுகாப்பு ஒத்திகை என்று பெயர் வைத்தார்கள்.

ஒத்திகைக்குப் புதிய ஸ்ட்ரெச்சர் வாங்கினார்கள். அதற்கு மெத்தை தைக்கும் வேலை அப்பாவுக்கு வந்தது. நல்ல பஞ்சு வைத்து, ஓரமெல்லாம் இரட்டைத் தையல் போட்டு, நான்கு மூலையிலும் கட்டுவதற்கு நாடா வைத்துத் தைத்தார். கொண்டுபோய்க் கொடுக்கும்போது நானும் போயிருந்தேன்.

"நீளம் சரியா இருக்கான்னு யாராவது படுத்துப் பாருங்க" என்றார் பாதுகாப்பு அதிகாரி.

யாரும் படுக்கவில்லை. எந்தப் பதவிவரை உள்ளவர்கள் படுக்கலாம் என்பதில் சிக்கல் வந்தது. கண்காணிப்பாளர் நிற்கும்போது உதவியாளர் எப்படிப் படுப்பது? உதவியாளர் நிற்கும்போது கண்காணிப்பாளர்தான் எப்படிப் படுப்பது? கடைசியில் எந்தப் பதவியும் இல்லாத அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தார். காலையிலிருந்து குனிந்து தைத்த களைப்பு. படுத்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

பாதுகாப்பு அதிகாரி வாயில் கை வைத்தார். "எல்லாரும் வந்து பாருங்கய்யா! எப்படிக் கிடக்கறார் பாருங்க! உசுரே இல்லாத மாதிரி!"

அன்றிலிருந்து அப்பாதான் எங்கள் ஊரின் நிரந்தரப் பாதிக்கப்பட்டவர்.

ஒரு வருடம் தீயில் மாட்டினார். அடுத்த வருடம் வெள்ளத்தில் போனார். வெள்ளத்துக்காகக் காய்ந்த மைதானத்தில் அவரைப் படுக்கவைத்து, குடிநீர்ப் பிரிவிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார்கள். அந்த வாரம் எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை. இன்னொரு வருடம் விஷவாயு. சாக்கடையில் இறங்கி நிஜமாக மூச்சடைத்தவர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு ஒத்திகை போதாது என்று பாதுகாப்பு அதிகாரி வருத்தத்தோடு சொன்னார்.

அப்பாவுக்கு இதில் ஒரு சின்னப் பெருமை இருந்தது. "வீட்ல தூங்கினா திட்டறா. அங்க தூங்கினா கைதட்டறாங்க" என்பார்.

"ஊர்ல அவனவன் எழுந்து நின்னு பேர் வாங்கறான்" என்பாள் அம்மா. "விழுந்து பேர் வாங்கின ஒரே ஆள் என் புருஷன்தான்." அம்மா ஒரு ஒத்திகைக்கும் வந்ததில்லை. கட்டின புருஷன் செத்துக் கிடப்பதை வேடிக்கை பார்க்க எனக்கென்ன கிறுக்கா என்று கேட்பாள்.

நான் போவேன். முதல் வருடம் அப்பா விழுந்ததும் பயந்து அழுதுவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் அவர் என்னிடம் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். "நான் விழுந்ததும் என் மூஞ்சியைப் பார்க்காதே. இடது கால் கட்டை விரலைப் பாரு. ரெண்டு தடவை ஆட்டுவேன். இருக்கேன், இருக்கேன்னு அர்த்தம்." மத்தியானத் தூக்கத்தில் அம்மா கூப்பிட்டாலும் அவர் கண்ணைத் திறக்காமல் அந்த விரலைத்தான் ஆட்டுவார். அம்மா அதன்மேல் விளக்குமாற்றால் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவாள்.

எத்தனை ஆபத்து வந்தாலும் அந்த விரல் இரண்டு தடவை ஆடும். விழுந்தவர் அசையக் கூடாது என்பது நகராட்சியின் விதி. அப்பா மீறிய ஒரே விதி அதுதான். அதுவும் எனக்காக.

இந்த வருடம் கட்டடம் இடிவது என்று முடிவு செய்திருந்தார்கள். மைதானத்தின் நடுவில் அட்டையால் ஒரு கட்டடம் கட்டினார்கள். ஜன்னலெல்லாம் வரைந்திருந்தார்கள். ஊரில் நிஜமாகவே இடிந்துவிழத் தயாராக இருந்த கட்டடங்களில் ஒன்றுகூட அவ்வளவு அழகாக இல்லை.

காலையிலேயே அப்பா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னைக்குப் போக வேணாம்" என்றாள் அம்மா. "மூஞ்சியே சரியில்ல."

"படுத்துக் கிடக்கறதுக்கு மூஞ்சி எதுக்கு? போய்ப் படுத்தா சரியாயிடும்."

மைதானத்துக்குப் போனதும் வலி கூடிவிட்டது. முதலுதவி மேசைக்குப் போனோம். சுகாதார ஆய்வாளர் கடன் வாங்கிய வெள்ளைக் கோட்டில் உட்கார்ந்திருந்தார். ஒத்திகையில் அவர்தான் டாக்டர். நிஜ டாக்டர்களை மேடையில் உட்காரவைத்திருந்தார்கள்.

"ஐயா, நெஞ்சுக்குள்ள இறுக்கிப் பிடிக்குது" என்றார் அப்பா.

"இன்னைக்கு நிஜ நோயாளிங்களைப் பார்க்கறதில்லையே" என்றார் ஆய்வாளர். "நாளைக்கு வாங்க. நீங்கதானே பாதிக்கப்பட்டவர்? வலி இருக்கறது ஒரு வகையில நல்லதுதான். முகத்துல நல்லாத் தெரியட்டும்."

அப்பா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

விருந்தினர்கள் வந்து சேர்ந்தார்கள். பாதுகாப்பு அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"ஆபத்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது என்பார்கள். அது பழைய காலம். நம் நகராட்சியில் ஆபத்து காலை பத்து மணிக்கு வரும். விருந்தினர்கள் தாமதமானால் பதினொரு மணிக்கு வரும். அவர்கள் வராமல் நாங்கள் எந்த ஆபத்தையும் தொடங்கியதில்லை."

கைதட்டினார்கள். அவர் வாயில் விசிலை வைத்தார். விசில் ஊதினால் கட்டடம் இடிய வேண்டும், அப்பா விழ வேண்டும்.

அப்பா விசிலுக்கு முன்பே விழுந்துவிட்டார்.

நின்றுகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மடிந்து, முகம் குப்புற விழுந்தார். இத்தனை வருடத்தில் அப்படி அவர் விழுந்ததில்லை. எப்போதும் மெத்தைமேல் சாய்வதுபோலப் பக்கவாட்டில் பதமாகச் சாய்வார்.

"யோவ், விசில் ஊதலையேய்யா! யார் விழச் சொன்னது?" பாதுகாப்பு அதிகாரிக்கு முகம் சுருங்கிவிட்டது. கொஞ்சம் யோசித்தார். பிறகு விசிலை ஊதினார். பணியாளர்கள் ஓடிப்போய் அட்டைக் கட்டடத்தை அப்பாமேல் சாய்த்தார்கள். அவர் கால்கள் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன.

உடனே மீட்கவில்லை. மீட்புக் குழுவும் தலைவர் உரையைக் கேட்க வேண்டும் என்பதால், உரைக்குப் பிறகுதான் மீட்பு என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நகராட்சித் தலைவர் எழுந்தார்.

"இந்த நகரில் ஒத்திகையின்போது இதுவரை ஒரே ஒரு உயிர்கூடப் போனதில்லை. இதை நான் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன். ஒத்திகை இல்லாத நாட்களில் போன உயிர்களைச் சிலர் கணக்குக் கேட்கிறார்கள். அன்றைக்கு எங்களில் யாராவது அங்கே இருந்தோமா? இல்லையே! இல்லாத இடத்தில் நடந்ததற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாவோம்?"

நான் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் அசையவில்லை.

ஒருவேளை அட்டை அழுத்துகிறதோ என்று நினைத்தேன். கூட்டத்தில் அவர் என்னைக் காணவில்லையோ என்று கயிற்றுப் பக்கமாக முன்னால் போய் நின்றேன். குப்புற விழுந்தவர் எப்படிப் பார்ப்பார் என்று அப்போது தோன்றவில்லை. தலைவர் ஒவ்வொரு துறைக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். மின்துறைக்கு நன்றி சொன்னார், விரல் அசையவில்லை. சாலைத்துறைக்குச் சொன்னார், அசையவில்லை.

கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

பிறந்ததிலிருந்து நான் அப்படிக் கத்தியதில்லை. என் குரல் அவ்வளவு பெரிது என்று எனக்கே தெரியாது. "எங்கப்பாவைப் பாருங்க! நிஜமாவே விழுந்துட்டாரு! நிஜமா!"

மைக்கில் அறிவிப்பாளரின் குரல் கேட்டது: "பொதுமக்களே, பாருங்கள்! இடிபாடுகளில் சிக்கிய தந்தைக்காக மகள் கதறும் காட்சி! இந்த ஆண்டின் புதிய அம்சம்!"

கைதட்டல் மைதானம் முழுவதும் எழுந்தது. சிலர் விசிலடித்தார்கள். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டோ எடுப்பவர் குனிந்து என் தோளைத் தொட்டு, "பாப்பா, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி அழு. வெளிச்சம் முகத்துல விழல" என்றார்.

பாதுகாப்பு அதிகாரி சிரித்த முகத்தோடு, பல்லைக் கடித்தபடி என்னிடம் வந்தார். "நல்லாத்தான்மா பண்றே. ஆனா முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"விரல் அசையல சார்" என்றேன். "கால் விரல் அசையவே இல்ல."

"அசையக் கூடாதும்மா. அதுதானே விதி."

உரை முடிந்தது. மீட்புக் குழு அட்டையை நீக்கி அப்பாவை அவர் தைத்த மெத்தைமேலேயே தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் ஓட்டுநர் தலைப்பக்கம் பிடித்திருந்தார். தூக்கிய உடனேயே அவர் முகம் மாறிவிட்டது.

"ஐயா, உடம்பு ஜில்லுனு இருக்கு. நான் நேரா பெரியாஸ்பத்திரிக்குப் போயிடறேன்."

"பெரியாஸ்பத்திரி நிகழ்ச்சியில இல்லப்பா. ஒரு சுத்து சுத்திட்டுக் கூடாரத்துக்கு வா."

ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரை வண்டிக்குள் தள்ளினார். என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை வாசல் பக்கம் திருப்பினார். வாசலை மறித்து விருந்தினர்களின் கார்கள் நின்றன. அவர் ஹாரனை விடாமல் அழுத்தினார். சைரன் போட்டார். கூட்டம் இதையும் ரசித்துக் கைதட்டியது. கார்களின் ஓட்டுநர்கள் ஒத்திகை பார்க்கப் போயிருந்தார்கள். எங்கள் ஓட்டுநர் பின்னால் வந்து ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்தார். அது காலி. ஆனால் அதற்கு அன்று காலைதான் புதிதாகச் சாயம் அடித்திருந்தார்கள். என் கையில் பச்சை ஒட்டிக்கொண்டது. அப்பாவின் கையைப் பிடித்தேன், அவர் கையிலும் ஒட்டியது. ஓட்டுநர் அப்பாவின் மார்பை அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு நிறுத்திவிட்டு முன்னால் போய் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் வண்டி கூடாரத்துக்கு வந்தது. கூடாரத்தின்மேல் 'மருத்துவமனை' என்று எழுதியிருந்தது. சுகாதார ஆய்வாளர் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டாமலேயே அப்பாவின் மார்பில் வைத்து எடுத்தார்.

"நலம்" என்று மைக்கில் அறிவித்தார்.

"காப்பாற்றப்பட்டவர் இப்போது எழுந்து நமக்குக் கையசைப்பார்" என்றார் அறிவிப்பாளர்.

அப்பா எழுந்திருக்கவில்லை. மறுபடியும் அறிவித்தார்கள். கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது. மைக் திறந்திருப்பது தெரியாமல் தலைவர் சொன்னது மைதானம் முழுக்கக் கேட்டது: "அந்த ஆளை எழுப்புங்கய்யா. எனக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாச்சு."

நல்லவேளையாக 'ஆபத்தில்லா நகரம்' கேடயத்தை அவர் அதற்கு முன்பே வாங்கிவிட்டிருந்தார்.

அப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா ஒரு மெத்தையின் கடைசி ஓரத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஓட்டுநரும் நானும் வாசலில் நின்றோம். எனக்கு நாக்கு மறுபடியும் ஒட்டிக்கொண்டுவிட்டது. அம்மா என் கையிலிருந்த பச்சைச் சாயத்தைப் பார்த்தாள். "இந்த வருஷம் என்ன வேஷம் போட்டாங்க அவருக்கு?" என்று கேட்டாள். கேட்டபடியே எழுந்து வந்து, போர்த்தியிருந்த துணியைக் காலடியில் விலக்கி, அந்தக் கட்டை விரலை ஒரு தட்டு தட்டினாள். பிறகு இன்னொரு தட்டு. அப்புறம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணைக்கு நாங்கள் இருவரும் போனோம். பாதுகாப்பு அதிகாரியே விசாரணை அதிகாரி. சம்பவத்துக்குப் பொறுப்பானவரே விசாரித்தால்தான் விஷயம் வெளியே போகாமல் முழுசாகக் கிடைக்கும் என்று நகராட்சி நினைத்தது. பக்கத்தில் சுகாதார ஆய்வாளர் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநரைக் கூப்பிடவில்லை. நிகழ்ச்சி நிரலை மீறி வாசல் பக்கம் வண்டியைத் திருப்பியதற்காக அவர்மேல் தனி விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"சிக்கல் எங்கேன்னா" என்று அதிகாரி விளக்கினார், "அவர் விசிலுக்கு முன்னாடி விழுந்தாரு. ஆனா விசிலுக்கு அப்புறமும் கிடந்தாரு. விசிலுக்கு முன்னாடி செத்திருந்தா அப்ப ஒத்திகையே ஆரம்பிக்கல. அப்போ அது நகராட்சிக்குச் சம்பந்தமில்லாத நிஜச் சாவு. விசிலுக்கு அப்புறம்னா அது ஒத்திகைச் சாவு. அதுல முடிஞ்சதும் எழுந்திருக்கணும். எழுந்திருக்காதது அவர் பக்கத் தப்பு. நீங்க எப்படிச் சொன்னாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை."

"நான் அவரை நலம்னு அறிவிச்சாச்சு" என்றார் ஆய்வாளர். "ஆயிரம் பேர் கேட்டாங்க. அதுக்கப்புறம் செத்தது அவரோட சொந்த முடிவு."

அப்போதுதான் அதிகாரி என் பக்கம் திரும்பி அந்தக் கேள்வியைக் கேட்டார். ஒத்திகையிலா, நிஜத்திலா?

நான் தரையைப் பார்த்தேன். கத்த வேண்டிய அன்றைக்கு நான் கத்தினேன். அதற்குக் கைதட்டினார்கள். இனி என்ன சொன்னாலும் இவர்களுக்குக் கைதட்டத்தான் தெரியும் என்று தோன்றியது.

அவர் கொஞ்சம் காத்திருந்துவிட்டு எழுதினார்: 'மகளுக்கு ஆட்சேபணை ஏதுமில்லை.'

பேனாவை மூடினார். அம்மா பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"நடந்தது நடந்துபோச்சு. குடும்பத்தை நகராட்சி கைவிடாதும்மா. கருணை அடிப்படையில ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். அப்பா பார்த்த இடம் காலியா இருக்கு. அதை உங்க பொண்ணுக்கே குடுத்துடலாம்னு தலைவர் சொல்லிட்டாரு. பொண்ணுக்கு அமைதியான சுபாவம். பேசாது. இந்த வேலைக்கு அதானே முக்கியம்?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஒரு துளி நின்றது. துடைக்கவில்லை.

அறையின் மூலையில் ஸ்ட்ரெச்சர் இருந்தது. அதிகாரி அதை அறை நடுவே உருட்டிக்கொண்டு வந்தார். "நீளம் சரியா வருதான்னு ஒரு தடவை படுத்துக் காட்டும்மா. சும்மா, ஒரு நிமிஷம்."

முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்தேன்.

மெத்தை நடுவில் குழிந்திருந்தது. அப்பா தைத்தது, அப்பா படுத்துப் படுத்துக் குழிந்தது. என் தோள்கள் அவர் தோள்கள் இருந்த இடத்துக்கு இறங்கின. கால்கள்தான் அவர் கால் இருந்த இடத்தை எட்டவில்லை. பஞ்சில் இன்னும் அவருடைய தலை எண்ணெய் வாசனை இருந்தது. எனக்கு நேர்மேலே மின்விசிறி ஒரு திருகாணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா மாதிரியே!" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "வாரிசுன்னா இதுதான். எப்படிக் கிடக்குது பாருங்க, உசுரே இல்லாத மாதிரி!"

நான் எதையும் நினைத்துச் செய்யவில்லை. என் இடது கால் கட்டை விரல் தானாக இரண்டு தடவை ஆடியது.

நாற்காலி பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது அம்மா என் காலடியில் நின்றிருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து ஒரே இழுப்பில் என்னைக் கீழே இறக்கினாள். பிறகு குனிந்து நாடாக்களை அவிழ்க்க ஆரம்பித்தாள். அப்பா போட்ட முடிச்சுகள். நகராட்சிக்காரர்கள் யாராலும் அவிழ்க்க முடியாதபடி இறுகியிருந்தன. அம்மாவின் விரல்களுக்கு அவை வழிவிட்டன. நான்காவது மட்டும் வரவில்லை. அதைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அம்மா, அது நகராட்சிச் சொத்து" என்றார் அதிகாரி, குறுக்கே வந்து. "அப்படியெல்லாம் எடுத்துட்டுப் போகக் கூடாது. என்ன பண்றீங்க? நான் உங்ககிட்டதான் பேசிட்டிருக்கேன்!"

அம்மா மெத்தையைச் சுருட்டினாள். அப்பா எப்படிச் சுருட்டுவாரோ அப்படியே, முழங்காலால் அழுத்தி, காற்று போகும்படி. மெத்தை போனபின் ஸ்ட்ரெச்சரில் துருப்பிடித்த கம்பிகள் மட்டும் இருந்தன. சுருட்டியதைத் தூக்கத்தில் இருக்கும் குழந்தையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

'படியில் கவனம்' என்று எழுதியிருந்த பலகையைத் தாண்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா இறங்கிப் போனாள்.